வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை

எல்லை முகாம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறேன். காய்ச்சல் விட்டது, முதுகு வலி விடவில்லை. உன்னையும் நித்தியாவையும் நினைக்காத நாள் இல்லை.

இங்கே போன் கோபுரங்களை ராணுவம் அணைத்துவிட்டது. உங்கள் பேக்டரி கண்டெய்னரை ராவாங்கிலிருந்து இந்த எல்லை கேட் வரைக்கும் ஓட்டிவரும் சோமு அண்ணன்தான் இனி நமக்குத் தபால்காரர். பாவம், முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறார்.

போன வாரம் அரிசி ஏற்றிக்கொண்டு உள்ளே ஒரு கிராமத்துக்குப் போனேன். கொடுப்பதற்கு அங்கே ஆள் இல்லை. வீடுகள் எல்லாம் கரியாகக் கிடந்தன. பள்ளிக்கூடத்தையாவது ராணுவத்தார் விட்டுவைத்திருப்பார்கள் என்று பார்த்தால், அதைத்தான் முதலில் கொளுத்தியிருக்கிறார்கள், பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதே. திரும்பும் வழியில் ராணுவத்தார் எங்கள் லோரியை மறித்துச் சோதித்தார்கள். அத்தனை பேர் காலிலும் மஞ்சள் அடி வைத்த கறுப்பு ரப்பர் பூட்ஸ். நம் ஊரில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் போடுவது. நீ பெட்டியில் அடுக்கி அனுப்புகிற அதே பூட்ஸ், ஈஸ்வரி. அவர்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த நாட்டோடு நமக்கு வர்த்தக ஒப்பந்தம் இருப்பதால்தான் அதெல்லாம் வரியில்லாமல் வந்து இறங்குகிறது. கொலை நிற்கும்வரை ஒப்பந்தத்தை நிறுத்தி வையுங்கள் என்று எங்கள் நிவாரண அமைப்பு கோலாலம்பூரில் கதவு கதவாகத் தட்டுகிறது. செய்கிற கையே வந்து கேட்டால் அதற்கு மரியாதை வேறு. உங்கள் லைனில் உன் பேச்சைக் கேட்பார்கள். யூனியனில் சொல்லி ஒரு தீர்மானம் போடச் சொல். எனக்காக.

அன்புடன்,
சுகுமாறன்

•

புக்கிட் ரோத்தான்
2 மார்ச் 2025

நித்தியா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சோமு அண்ணன் வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனார், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க முடியாது. அன்றைக்கும் தண்ணீர் தடை.

மூன்று மாதம் என்று சொல்லிப் போனீர்கள். இது இரண்டாவது வருஷம். கோயிலிலும் பசாரிலும் யார் கேட்டாலும் "வந்துருவாரு லா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் சலித்துவிட்டது. நித்தியா எஸ்பிஎம் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். ஊர் உலகத்துக்கெல்லாம் லோரி ஓட்டுகிறீர்கள், பெற்ற மகளைப் பரீட்சைக்கு ஏற்றிப் போக ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில்தான் போனாள். இதைச் சண்டைக்காக எழுதவில்லை. சண்டை போடத் தெம்பும் இல்லை.

நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து வேலையில் கை ஓட மாட்டேன் என்கிறது. பூட்ஸுக்குள் பேப்பரைத் திணிக்கும்போதெல்லாம் அந்தப் பள்ளிக்கூடம் கண் முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் லைனில் முக்கால்வாசி அந்த நாட்டுக்குப் போகிற சரக்கு. ஒப்பந்தம் நின்றால் லைன் நிற்கும். அது உங்களுக்கு ஞாபகம் இருந்ததா?

இருந்தாலும் கேட்டதைச் செய்தேன். யூனியன் செயலாளர் குகனிடம் சொன்னேன். எங்கள் பேக்டரி பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாரும் பழைய தோட்டத்து ஆட்கள் என்பதால், நம் மாரியம்மன் கோயில் மண்டபத்திலேயே ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பூசை முடிந்ததும் குகன் எழுந்து விவரமெல்லாம் சொன்னான். வேண்டாம் என்கிறவர்கள் சொல்லலாம் என்றான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதி அனுப்பிவிட்டான். உங்களுக்குச் சந்தோஷம்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுக்குத் தைலம் கொடுத்து விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஈஸ்வரி

•

எல்லை முகாம்
21 மார்ச் 2025

என் ஈஸ்வரிக்கு,

தைலமும் வந்தது, அதைவிடப் பெரிய மருந்தும் வந்தது. உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. தீர்மானத்தைக் கோலாலம்பூரில் அதிகாரிகள் முன்னால் வாசித்தார்களாம். அதுவரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். வேலை போகும் என்று தெரிந்தும் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை அவர்களால் நம்ப முடியவில்லையாம்.

நான் வந்த இத்தனை நாளில் ஏதோ ஒன்று நகர்ந்தது என்றால் அது உன்னால் நகர்ந்தது. அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கத்தைச் சொல். நித்தியாவிடம் அப்பா வந்து கார் ஓட்டச் சொல்லித் தருவேன் என்று சொல். சிரித்தால் எனக்கு எழுது.

அன்புடன்,
சுகுமாறன்

•

புக்கிட் ரோத்தான்
13 ஏப்ரல் 2025

நித்தியா அப்பாவுக்கு,

நாளைக்குச் சித்திரை முதல் நாள். நீங்கள் இல்லாமல் பாயசம் வைக்க மனம் இல்லை, நித்தியாவுக்காக வைப்பேன். கார் விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. லைசென்சுக்குத் தானே பணம் கட்டிவிட்டதாகச் சொன்னாள்.

உங்கள் வணக்கத்தைப் பஸ்ஸில் எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு அன்னம்மா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் வீட்டுக்காரருக்கு வாரத்தில் மூன்று தடவை டயாலிசிஸ், ஞாபகம் இருக்கிறதா? அக்காவின் சம்பளம்தான் அந்த வீட்டுக்கு. மெதுவாகச் சொன்னார்: "அம்மன் முன்னால வெளக்க ஏத்தி வச்சிட்டு வேணாம்னா சொல்லுன்னா, எப்படிம்மா வாய் வரும்? யாருக்குமே வரல லா."

நீங்களும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், நானும் லயத்தில் பிறந்தவள். கோயிலில் தலைவர் எழுந்து ஒன்றைக் கேட்டால் வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் நம்மிடம் எப்போது இருந்தது? அங்கே தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டு, மறுநாள் பைப்படியில் வாளியை வைக்கும்போதுதான் மனத்தில் உள்ளது வெளியே வரும். குகன் ராவாங்கில் டவுன் வீட்டில் வளர்ந்த பிள்ளை, அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நான் அதைச் சம்மதம் என்று எழுதினேன், நீங்களும் சம்மதம் என்று படித்தீர்கள்.

திரும்பக் கூட்டம் போடப் போகிறேன். கோயிலுக்கு வெளியே, செருப்பைப் போட்டுக்கொண்டு, நின்று பேசுகிற மாதிரி. நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஈஸ்வரி

•

எல்லை முகாம்
27 ஏப்ரல் 2025

ஈஸ்வரிக்கு,

வேண்டாம். செய்யாதே.

நேற்று ஒரு பெண், தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்து சீட்டில் ஏறினாள். தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக்கூடாது என்று வழி நெடுக ஒவ்வொரு பள்ளத்திலும் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். முகாமில் இறங்கும்போதுதான் அது தூங்கவில்லை என்று தெரிந்தது. அவளுக்கு ஏறும்போதே தெரியும். பிணத்தை ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து சொல்லாமல் வந்திருக்கிறாள்.

இதற்கு மேல் நான் உனக்கு என்ன எழுத? தீர்மானம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது நீ திரும்பக் கேட்டு, அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், எதிர்ப்பக்கம் அதைத் தூக்கிக்கொண்டு ஆடும். நடந்தது ஒரே ஒரு மௌனம். அதை அப்படியே விட்டால் யாருக்கு என்ன நட்டம்? அன்னம்மா அக்காவுக்கு வேறு பேக்டரி கிடைக்கும். அந்தப் பெண்ணுக்கு வேறு பிள்ளை கிடைக்குமா?

இங்கே முகாமில் இருக்கிறவர்களும் சம்மதித்துத்தான் நாங்கள் இதைக் கேட்கிறோம். பதிலுக்குக் கேட்டை மூடிவிட்டால் அரிசிக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று அமைப்பில் சொல்கிறார்கள். என் மேல் உள்ள கோபத்தை இதில் காட்டாதே.

சுகுமாறன்

•

புக்கிட் ரோத்தான்
18 மே 2025

நித்தியா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அந்தப் பெண்ணுக்காக அழுதேன், உங்களுக்காகவும் அழுதேன். ஆனாலும் கூட்டத்தைப் போட்டேன்.

கோயில் கேட்டுக்கு வெளியே, நாசி லெமாக் கடைக்குப் பக்கத்தில் நின்று பேசினோம். நீங்கள் எழுதியதை எல்லாம் மறைக்காமல் சொன்னேன். பூட்ஸைச் சொன்னேன், பள்ளிக்கூடத்தைச் சொன்னேன், லோரியில் வந்த பெண்ணைச் சொன்னேன். பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அன்னம்மா அக்கா சொன்னார்: "என் தம்பி மகனும் அதே பூட்ஸ் போட்டுக்கிட்டுத்தான் செம்பனைக் குலை வெட்டப் போறான். பூட்ஸ் என்னா பாவம் பண்ணுச்சு, ஈஸ்வரி? நான் வேணாம்னுதான் சொல்லுவேன். என்னைத் தப்பா நெனைக்காத."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். ஒப்பந்தத்தை நிறுத்தட்டும் என்று கை தூக்கியவர்கள் கொஞ்சம் பேர். அதில் நான் ஒருத்தி. நீங்கள் சொல்வது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். குகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தீர்மானத்தை வாபஸ் வாங்கி எழுதினான்.

அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்படுவதாகப் போன வாரம் செய்தியில் சொன்னார்கள். எங்கள் ஏகமனதையும் பார்க்கவில்லை, வாபஸையும் பார்க்கவில்லை, கோலாலம்பூரில் அவர்களாகவே முடிவெடுத்தார்கள் என்றுதான் தோன்றுகிறது. எங்கள் லைனுக்கு இந்த மாதத்தோடு சரி. அன்னம்மா அக்கா என்னைத் திட்டவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்கிறார், அவ்வளவுதான்.

என் மேல் உள்ள கோபத்தை இதில் காட்டாதே என்று எழுதியிருந்தீர்கள். இப்போது காட்டுகிறேன். அங்கே யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டைக் கொளுத்துகிறார்கள் என்றுதானே கொதித்துப் போனீர்கள்? இந்தப் பெண்களை மட்டும் கேட்காமல் விட்டால் என்ன நட்டம் என்று எப்படி உங்கள் கை எழுதியது? நீங்கள் கிளம்பிய அன்று சாப்பாட்டு மேசையில் வைத்து, போகிறேன் என்றீர்கள். நான் ஒன்றும் பேசவில்லை. என்னால் பேச முடியவில்லை. அதையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பையைத் தூக்கினீர்கள். நான் சம்மதிக்கவில்லைங்க. ஒரு நாளும் சம்மதிக்கவில்லை.

பதிலுக்கு மாதக் கடைசியில் அந்த நாட்டுக்காரர்கள் எல்லை கேட்டை மூடப் போகிறார்கள். இதைக் கொண்டுவருகிற சோமு அண்ணனுக்கு இதுதான் கடைசி டிரிப். சரக்கு இறங்கச் சில நாள் ஆகுமாம். திரும்பும்போது பக்கத்து சீட் காலிதான். வந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து என்னோடு சண்டை போடுங்கள். நித்தியாவுக்கு ரிசல்ட் வந்துவிட்டது, நன்றாகச் செய்திருக்கிறாள். மார்க்கை அவளே உங்களிடம் சொல்வாளாம், என்னை எழுதக்கூடாது என்றுவிட்டாள்.

எதிர்பார்த்துக்கொண்டு,
ஈஸ்வரி

•

எல்லை முகாம்
29 மே 2025

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

சோமு அண்ணன் வெளியே என்ஜினை அணைக்காமல் காத்திருக்கிறார். "காலி சீட்டோட போயி ஈஸ்வரி மூஞ்சில எப்படிடா முழிப்பேன்?" என்று கேட்டார்.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. மறுநாள் லோரியை விட்டுவிட்டு, முகாமில் பெண்கள் தண்ணீர் எடுக்கிற இடத்துக்கு நடந்து போய் உட்கார்ந்தேன். என்ன பதில் சொன்னாலும் உங்கள் பங்கு அரிசி உங்களுக்கு உண்டு, கேட்டை மூடுவதைப் பற்றி மனத்தில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில் கேட்டேன்.

குடத்தை நிரப்பிக் கீழே வைத்தார்கள். பிறகு பேசினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மூடட்டும் என்றார்கள். பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறவர்கள் மூட வேண்டாம், அரிசி வராது என்றார்கள். அப்படியென்றால் அமைப்பு முதலில் சம்மதம் கேட்ட அன்றைக்கு ஏன் எல்லாரும் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி சொன்னாள், நீ அரிசி மூட்டை மேல் நின்றுகொண்டு அல்லவா கேட்டாய் என்று.

ஒப்பந்தத்தை நிறுத்தியது தப்பு என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் பூட்ஸ் இனி வராது, அது நல்லதுதான். ஆனால் அரிசிக்கு வேறு வழி என்று அமைப்பில் சொன்னார்களே, அந்த வழி இன்னும் யாருக்கும் தெரியவில்லை. இருக்கிற மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க இங்கே லோரி ஓட்டுகிறவர்கள் குறைவு. கேட்டை மூடினாலும் பரவாயில்லை என்று கத்தியவன் நான். அது மூடுகிற நேரத்தில் முதல் ஆளாக வெளியே போக எனக்குக் கால் வரவில்லை. நித்தியாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மார்க்கைக் கேட்க ஆசையாக இருக்கிறது.

நான் கிளம்பிய அன்று நீ சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை கேட்கிறேன். நான் இங்கே இருக்கட்டுமா, ஈஸ்வரி? வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது. அதைக் கொண்டுவர இனி லோரி இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

உன்,
சுகுமாறன்