விலாசம் கேட்கிறான்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையில் உயிரோடு இருக்கிறேன். கொலைகாரன் ஆகாமலும் இருக்கிறேன். அதுவும் அவர் கிருபைதான், என் நல்ல குணம் இல்லை. உன் தாடை இப்போதும் குளிரில் வலிக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. உன் புருஷன் இங்கே வந்திருக்கிறான்.

பயப்படாதே. நீ இருக்கும் ஊர் அவனுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை இல்லத்துத் தபாலில் போடவில்லை. சமையல்காரரிடம் கொடுத்து வெளியே போடச் சொல்லியிருக்கிறேன்.

குடியை விட நான் இந்த இல்லத்தில் சேர்ந்தது உனக்குத் தெரியும். தண்ணீர் பம்பு, ஜெனரேட்டர், சலவை மெஷின் எல்லாம் இப்போது என் பொறுப்பு. போன மாதம் ஒருத்தனைக் கை கட்டி வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். சட்டை முழுக்க வாந்தி. முகத்தைத் திருப்பினான். மாமா என்று வாய் வரவில்லை, கைதான் வந்தது. கையில் பைப் ரெஞ்சு இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுத்தான் அடித்தேன், நம்பு. என் கைமுஷ்டியின் கீழ் அவன் மூக்கு எலும்பு நொறுங்கியது. கட்டிப்போட்டவனை அடிக்கிறோமே என்று தோன்றவே இல்லை. அவன் உன் தாடையை உடைத்த அன்றைக்கு நீ மட்டும் ஓட இடம் இருந்தா கதவு மூலையில் நின்றாய்? நாலு பேர் என்னை இழுத்துப் போட்டார்கள். அதில் ஒருத்தரின் காதைக் கடித்துவிட்டேன்.

இங்கே ஒரு சட்டம் உண்டு. அடித்தவனே அடிபட்டவனைக் கவனிக்க வேண்டும். இல்லத்தை நடத்தும் பாஸ்டர் முன்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், அவர் கையிலும் வெட்டுத் தழும்பு இருக்கிறது. என்னை வெளியே அனுப்பிவிடுங்கள் என்றேன். “வெளிய போனா ஒண்ணு கடைக்குப் போவே, இல்ல ஜெயிலுக்குப் போவே. பேசாம ஸ்பூனை எடுடா” என்றார்.

எடுத்தேன். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினேன். மலம் துடைத்தேன். குடி இறங்கும்போது வரும் பிதற்றலில் அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சுவரெல்லாம் பூச்சி என்று அலறினான். ஒரு நாள் மத்தியானம் உன் பெயரைச் சொன்னான். சரி, அழப்போகிறான் என்று நினைத்தேன். “வாயை மூடுடி” என்று சொல்லிச் சுவரில் குத்தினான். மறுபடி மறுபடி, தோல் கிழிந்து சுவரில் ரத்தம் வழியும்வரை குத்தினான். அவன் உன்னை எப்படி அடித்தான் என்பதை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

என் இரண்டு கையும் அவன் கழுத்தில் இருந்தன. அறையில் வேறு யாரும் இல்லை. அவன் கண் பிதுங்கியது, குதிகால் கட்டில் கம்பியில் தடதடவென்று அடித்தது. வலிப்பில் போய்விட்டான் என்று சொன்னால் போதும், யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். என் கணக்கில் தப்பே இல்லை அக்கா. போதும் விடு என்று கைக்குச் சொன்னேன், கை கேட்கவில்லை. மெஷின் என்றால் சிவப்புப் பட்டனைத் தட்டி நிறுத்தலாம். என் சித்தத்தை உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்று தினமும் ஜெபத்தில் எல்லோரோடும் சேர்ந்து சொன்னேனே, அதில் ஒரு திருகாணிகூட இறுகவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. “ஆண்டவரே, இவனைக் கொல்லப்போறேன். விட எனக்கு மனசில்லை. நீரே எடுத்துவிடும்” என்று கத்தினேன்.

வெளிச்சமும் வரவில்லை, குரலும் வரவில்லை. கை விட்டது. எப்படி என்று கேட்காதே, எனக்கே பிடிபடவில்லை. அவனைப் பக்கவாட்டில் புரட்டி, வாயில் விரல் விட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டதில் வந்த ரத்தத்தை வழித்தேன். மூச்சு வந்தது.

நான் வேலை பார்த்த ஆலையில் மெஷினுக்குள் இறங்கும் முன் மெயின் ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை நம் பையிலேயே வைத்துக்கொள்வோம். இங்கே அது சரிவராது. கருவி அறைச் சாவியைத் தினமும் காலையில் பாஸ்டரிடம் கொடுக்கிறேன். ரெஞ்சு வேண்டுமென்றால் அவர் கூட வந்து நிற்கிறார். கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. பல் துலக்கும்போதே வந்துவிடுகிறது.

இப்போது அவன் தெளிந்துவிட்டான். ஜெபக் கூட்டத்தில் மண்டியிட்டுச் சாட்சி சொன்னான், எல்லோரும் அழுதார்கள். மறுநாள் சலவை அறைக்கு வந்தான். “மச்சான், உங்க அக்கா கால்ல விழணும். விலாசத்தை மட்டும் குடு.” தர முடியாது என்றேன். கையில் இருந்த இரும்புக் குவளையை என் முகத்தில் வீசினான். புருவம் கிழிந்து தொங்கியது. நான் திருப்பி அடிக்கவில்லை. கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன், நீரே பிடித்துக்கொள்ளும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ அவனை மன்னித்தது உண்மையானால் விலாசத்தைக் கொடுத்தால் என்ன என்று பாஸ்டரே கேட்டார். “என் கையை ஆண்டவர்கிட்ட குடுத்துட்டேன். விலாசம் எங்க அக்காவோடது. அதைக் குடுக்க நான் யாரு?” என்றேன்.

சட்டப்படி இப்போது அவன்தான் என்னைக் கவனிக்கிறான். தினமும் என் புருவத்துக் கட்டை அவிழ்த்து மாற்றுகிறான், அழுகிறான். நடிப்பு இல்லை என்றே தோன்றுகிறது. திருந்தட்டும். அவன் திருந்திவிட்டானா என்று பார்க்க நீ உன் முகத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் என்னை எனக்குத் தெரியும். அழுகிறவனைப் பார்த்தால் இளகிவிடுவேன். நேற்று அவன் பஞ்சை வைத்து ஒற்றும்போது உன் ஊர்ப் பெயர் என் தொண்டைவரை வந்துவிட்டது. அதனால் நான் சொல்வதைக் கேள். இந்த மாதத்துக்குள் வீட்டை மாற்றிவிடு. முடிந்தால் ஊரையே மாற்று. புது விலாசத்தை எனக்கு எழுதாதே. நானே கெஞ்சிக் கேட்டு ஆள் அனுப்பினாலும் சொல்லாதே.

ஆண்டவர் உன் வாசலில் காவல் நிற்கட்டும். உள்தாழ்ப்பாளையும் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் தம்பி