சம்பந்திகள் மலைமேல்

ஜனவரி 25, வியாழன்

வந்து சேர்ந்தாயிற்று. ஒசாகாவிலிருந்து விமானம், அப்புறம் ரயில், அப்புறம் இன்னொரு ரயில். இந்த மலையூரின் குட்சான் ஸ்டேஷன் வாசலிலேயே பனியில் வழுக்கி உட்கார்ந்தேன். இவர் கை கொடுக்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு குளிர்காலம் மட்டும் வேலை செய்துவிட்டு வருகிறேன் என்று இங்கே வந்தவள் எங்கள் பெண் மதோகா. மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. இப்போது இந்த ஊர் முடிதிருத்தும் கடைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். "நீ பாத்துட்டு வேணாம்னு சொன்னா விட்டுடறேம்மா" என்று போனில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசுகிறோம். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் உளறிவிடுவார்.

ஜனவரி 26, வெள்ளி

ஊரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. பத்து நாளாகப் பொடிப்பனி, அதாவது சறுக்கி விளையாட ஏற்ற புதுப் பனி, விழவில்லையாம். அப்படியானால் ரோட்டோரம் என் உயரத்துக்கு நிற்கிறதே, அது என்ன உப்பா? கேட்டேன். "அது பழசுங்க" என்றாள் விடுதிக்கார அம்மாள், ஊசிப்போன சோற்றைச் சொல்வதுபோல.

சோஹேயின் கடையைப் போய்ப் பார்த்தோம். அதுதான் பையனின் பெயர். கண்ணாடிக் கதவில், கட்டணப் பட்டியலுக்குக் கீழே, அழகான எழுத்தில் ஒரு பலகை: 'காலையில் புதுப் பொடிப்பனி இருந்தால் கடை மதியத்துக்கு மேல்தான்.' வெட்கமே இல்லை! தொழில் செய்கிறவன் எழுதி மாட்டுகிற பலகையா இது? நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், இரு, பனி விழுந்திருக்கு, சறுக்கிட்டு வந்துடறேன் என்பானா?

நான் வாசலோடு சரி. இவர் உள்ளே போய் ஷேவ் செய்துகொண்டு வந்தார். சூடான துண்டாம், தோளைப் பிடித்துவிட்டானாம். "நல்ல கை அவனுக்கு" என்று கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொள்கிறார். ஒரு ஷேவுக்குப் பெண்ணைத் தாரை வார்த்துவிடுவார் போலிருக்கிறது.

ஜனவரி 27, சனி

சாயங்காலத்திலிருந்து கொட்டுகிறது. விடுதியில் எல்லோரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இவரும்.

ஜனவரி 28, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது?

கண் விழித்தபோது இவர் படுக்கையில் இல்லை. போனில் செய்தி: "மதோகா கூட மலைமேல போறேன். சும்மா ஒரு பார்வை. பத்தரைக்கு வந்துடுவேன்." ஜன்மத்தில் சறுக்கியறியாத மனுஷன்! பத்தரையும் ஆயிற்று, ஆளைக் காணோம். கூப்பிட்டால் அப்பாவும் எடுக்கவில்லை, பெண்ணும் எடுக்கவில்லை. கிமோனோவை நானே இழுத்துக் கட்டி, விடுதிக்கார அம்மாளின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, முழங்கால்வரை புதையப் புதையத் தனியாக நடந்தேன். தெருவில் ஈ காக்கை இல்லை. ரொட்டிக்கடை பூட்டு. பூக்கடை பூட்டு. அவனும் மலையில்தான் இருப்பான், நல்லதாகப் போயிற்று, வேண்டாம் என்பதற்கு இனி நான் காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உணவகத்துப் பெண் மாடி அறையின் கதவைத் தள்ளித் திறந்தாள். ஆறு பேருக்கு முறையாகப் பரிமாறி வைத்திருந்தார்கள், ஆறு தட்டிலும் முழு மீன். உட்கார்ந்திருந்தது ஒரே ஓர் ஆள். சோஹேய். கறுப்பு சூட், டை, படிய வாரிய தலை. மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான்.

"உங்க அப்பா எங்க?"

"மேல இருக்காருங்க."

"அம்மா?"

"அவங்கதாங்க முதல் லிஃப்ட்ல மலைக்குப் போனாங்க."

"மதோகா?"

"ஒரே ஒரு தடவ போயிட்டு வரட்டுமான்னு கேட்டா. நான்தான் போகச் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

"நீ போகலையா?"

"பதினோரு மணின்னு பேசியிருந்தோமேங்க."

அவ்வளவுதான் சொன்னான். மலை தெரிகிற ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அதை வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோப்பை நிரம்பி வழிவதைக் கவனிக்காமல் தேநீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். உடம்பு இங்கே இருப்புக்கொள்ளவில்லை, பாவம். ஊரே ஏங்கிக் கிடந்த பனி. கட்டின புருஷன் வரவில்லை, பெற்ற பெண் வரவில்லை, இவன் வந்து எனக்காகக் காத்திருக்கிறான்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவன்மேல் இல்லை. வேண்டாம் என்று யாரைப் பார்த்துச் சொல்வது? இந்த முகத்தைப் பார்த்தா?

"லிஃப்ட் எதுவரைக்கும் ஓடும்?" என்று கேட்டேன்.

"நாலு மணிவரைக்குங்க."

"அப்ப எந்திரி. போயிட்டு வா. நான் இங்கதான் இருப்பேன்."

"இல்லீங்க, பரவால்ல—"

"போடான்னு சொல்றேன்ல."

டா வந்துவிட்டது, என்ன செய்ய. அவன் தரையில் தலை படக் குனிந்து வணங்கினான். எழுந்து, நிதானமாகக் கதவைச் சாத்தினான். அப்புறம் படிக்கட்டில் தடதடவென்று ஓடுகிற சத்தம்.

என் மீனைச் சாப்பிட்டேன். இவருடையதையும் சாப்பிட்டேன்.

ஜனவரி 29, திங்கள்

இவரோடு பேசவில்லை. "அந்த வெளிச்சத்துல நீ மலையப் பாத்திருக்கணும்" என்று ஆரம்பித்தார். முறைத்தேன். நிறுத்திக்கொண்டார்.

சம்பந்தி அம்மாள் விடுதிக்கே வந்து குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். காலில் பனிச்சறுக்கு பூட்ஸ்.

பிப்ரவரி 11

மதோகா போன் செய்தாள். கல்யாணத்தை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்கிறாள். "ஜனவரியில வச்சா ஊரே வெள்ளையா அழகா இருக்கும்மா."

"ஜூன்ல வை" என்றேன். "பனி விழற மாசத்துல வச்சா மாப்பிள்ளை மட்டுந்தான் வந்து உக்காந்திருப்பார்."