தெல்தோட்டையில் குடிக்காத தேநீர்

1936 பெப்ரவரி, ஞாயிறு இரவு

தூக்கம் வரவில்லை. மாரியாயி நீட்டிய கோப்பை கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

லஞ்சத்தை ஒழிக்க நாங்கள் தொடங்கிய சின்னக் கட்சியின் வத்தேகமக் கிளை போன மாதமே கலைந்துவிட்டது. அதனால் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து வாக்குகளைத்தான் நம்பியிருந்தோம். இன்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் நல்ல கூட்டம். முடிந்ததும் அங்கே கொழுந்து பறிக்கும் மாரியாயி, எங்கள் வேட்பாளரான வக்கீல், பிரக்டர் சின்னத்துரைக்குத் தேநீர் கொண்டுவந்தாள்.

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கய்யா."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வோட்டுப் போடுறவையிட்ட ஒண்டும் வாங்கிறேல்லை. எங்கட கட்சி விதி."

"கட்சிக்கு ஆகாதா, இல்ல எங்க கை ஆகாதாய்யா?"

அவர் காரை நோக்கித் திரும்பினார். அவள் தேநீரை வாசலில் கொட்டினாள். அந்த விதியை எழுதியவன் நான். விளக்கியிருக்கலாம்; அவர் பின்னாலேயே காருக்கு நடந்தேன்.

திரும்பும் வழியில் கெலிஓயாவில் ஒரு கடை முதலாளியின் வீட்டில் காரை நிறுத்தச் சொன்னார். முதலாளிக்கும் எங்கள் தொகுதியில்தான் வாக்கு. அங்கே வெள்ளித் தட்டில் தேநீர் வந்தது. பிரக்டர் எடுத்துக் குடித்தார்.

"ஐயா, விதி?" என்றேன்.

"இதென்ன லஞ்சமே மாஸ்டர்? மரியாதைக்குத் தந்தது. நீரும் குடியும்."

நான் தொடவில்லை.

நாளை பள்ளிக்கூடம் விட்டதும் தெல்தோட்டைக்குத் தனியாகப் போய், மாரியாயியிடம் ஒரு வாய் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தால் என்ன? விதி உடைந்தால் உடையட்டும்.

ஆனால் வோட்டுக்காகத்தான் குடிக்கிறேன் என்று நினைப்பாளே. இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வேன்?