ஆவூர் ஊருணியிலிருந்து ஒரு குப்பி

சேசு மரி சூசை துணை

ஆவூர்
12-2-1957

அன்புள்ள அத்தானுக்கு வியாகுலமேரி எழுதுவது. நானும் அருளும் சுகம். உங்கள் சுகத்துக்குப் பெரியநாயகி மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

போன கடிதத்தில் நாலு வரி எழுதிவிட்டு மிச்சத் தாளை வெறுமனே அனுப்பியிருந்தீர்கள். வெற்றுத் தாளைக் கொண்டுவரவா தபால்காரர் ரெங்கசாமி இந்த வெயிலில் சைக்கிள் மிதிக்கிறார்?

உங்கள் மகள் அருளுக்கு ஏழு வயசாகப் போகிறது. யார் கேட்டாலும், "எங்கப்பா ஆத்துத் தண்ணிய நக்கிப் பாத்துச் சம்பளம் வாங்குறாங்க" என்கிறாள். கேட்டவர்கள் சிரிக்கிறார்கள், எனக்கு மானம் போகிறது.

மாசி பிறக்கும் முன்பே ஊருணி வற்றிக் கலங்கிவிட்டது. அருளுக்கு அடிக்கடி வயிறு நோகிறது. கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன். விறகு பொறுக்கியே பாதிப் பொழுது போகிறது. ரெண்டு தேசத்து ஆற்றுக்குத் தண்ணீர் பார்க்கிறவர் நம் ஊருணியையும் ஒருதரம் பார்க்கக் கூடாதா? பட்டாளத்துச் சூசைமாணிக்கம் லீவில் வந்திருக்கிறான். திரும்பிப் பெரோஸ்பூரில் உங்கள் பக்கத்து முகாமுக்குத்தான் போகிறானாம்.

உங்கள்
வியாகுலமேரி

—

பெரோஸ்பூர்
20-2-1957

அன்புள்ள வியாகுலத்துக்கு,

மகளிடம் சொல், அப்பா நக்கிப் பார்ப்பதில்லை. சட்லெஜ் ஆறு இங்கே நம் தேசத்தை விட்டுப் பாகிஸ்தானுக்குள் போகிறது. எல்லைப் பாலத்தடியில் நான் ஒரு குப்பி மொள்வேன். அதே இடத்தில் அந்தக் கரை ரஷீத் ஒரு குப்பி மொள்வார். உப்பு எவ்வளவு, சாக்கடை கலந்திருக்கிறதா, கிருமி உண்டா என்று அவரவர் சோதனைச்சாலையில் பார்த்து எழுதுவோம். உங்கள் ஊர் அழுக்கையெல்லாம் எங்களுக்கு விடுகிறீர்கள் என்று அவர்கள் கத்துவார்கள், இல்லவே இல்லை என்று நம் ஆட்கள் கத்துவார்கள். கடைசியில் ரெண்டு சர்க்காரும் நம்புவது எங்கள் இருவர் கையெழுத்தைத்தான். உன் புருஷன் லேசுப்பட்டவன் இல்லை, பார்த்துக்கொள்.

ஒரு குப்பியை வெந்நீரில் நன்றாகக் கழுவி, ஊருணித் தண்ணீரை நிறைய ஊற்றி, இறுக அடைத்துச் சூசைமாணிக்கத்திடம் கொடுத்துவிடு. என் பதில் வரும்வரை கொதிக்கவைத்தே கொடு.

உன்
தைரியநாதன்

—

பெரோஸ்பூர்
18-3-1957

அன்புள்ள வியாகுலத்துக்கு,

குப்பி பத்திரமாக வந்தது. நீ சுற்றியிருந்த பழம்புடவைத் துணியை நானே அவிழ்த்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. நீ எழுதிய கலங்கல் வழியிலேயே தெளிந்துவிட்டது போலிருக்கிறது. கிருமி இருந்திருந்தால் இத்தனை நாள் ரயிலில் வந்ததில் பெருகிப் போயிருக்கும். ஒன்றுகூட இல்லை! நம்ப முடியாமல் மறுபடியும் பார்த்தேன். அப்படியேதான். என் மேலதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உன் ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றார். ரஷீத்திடமும் பீற்றிக்கொண்டேன்.

இனி விறகுக்கு அலையாதே. அருள் தாராளமாகக் குடிக்கட்டும். வயிற்று நோவு கொடுக்காப்புளி தின்று வந்ததாக இருக்கும், அதைக் குறைக்கச் சொல். அந்தத் துணியை எடுத்து வைத்திருக்கிறேன். நம் வீட்டு வாசம் அடிக்கிறது.

உன்
தைரியநாதன்

—

ஆவூர்
25-4-1957

அத்தான்,

அருள் போய்விட்டாள் என்று தந்தியில் படித்திருப்பீர்கள். எப்படிப் போனாள் என்று எழுதுகிறேன்.

குருத்து ஞாயிறு அன்று ஓலையை உயரப் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி நடந்தாள். மறுநாள் விடியும்போதே வாந்திபேதி. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினோம். வழியெல்லாம் "ஆத்தா, தண்ணி குடு, தண்ணி குடு" என்றாள். செம்பில் கொண்டுபோன அதே ஊருணித் தண்ணீரை நான்தான் கொடுத்தேன். பாதி வழியிலேயே கண் சொருகிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "ஊருணித் தண்ணிதாம்மா காரணம். கொதிக்க வைக்காமக் குடிக்கலாம்னு யாரு சொன்னது?" என்று கேட்டார். எம் புருசன்தான் சொன்னாரு என்றேன்.

ரெண்டு தேசம் நம்புகிற கையெழுத்து. நானும் நம்பினேன்.

அந்தக் குப்பியை நான் எப்படி அனுப்பினேன் தெரியுமா? கலங்கல் தண்ணீரைக் காட்டி வடக்கத்திக்காரன் முன்னால் உங்களுக்குத் தலையிறக்கம் வந்துவிடக் கூடாதே என்று, பானையில் தேத்தாங்கொட்டை உரசித் தெளியவைத்து, மூணு தரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, என் கல்யாணப் புடவை முந்தியில் வடிகட்டி ஊற்றினேன். அத்தனை பக்குவமாக நான் அனுப்பியதை ஒழுங்காகப் பார்க்கத் தெரியவில்லையே உங்களுக்கு! என்னத்தைப் பார்த்தீர்கள்? பதில் சொல்லுங்கள்.

வியாகுலமேரி

—

பெரோஸ்பூர்
3-5-1957

வியாகுலம்,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். குப்பியைப் பற்றி நீ எழுதிய இடத்துக்கு வந்ததும் மேலே போக முடியவில்லை. நேற்று ஒரு பதில் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன்.

தப்பு என்னுடையது. சோதனைச்சாலையில் குப்பி மாறிவிட்டது. கருவிகள் கழுவக் காய்ச்சி வைத்திருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, அதுதான் ஊருணி என்று உனக்கு எழுதிவிட்டேன். நீ அனுப்பியதில் ஒரு குறையும் இல்லை. யார் கேட்டாலும் இதையே சொல். நீயும் இதையே நினைத்துக்கொள். வேறெதையும் யோசிக்காதே.

சேதி கேட்டு ரஷீத் எல்லைக் கோடு வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் ஒரு மகள். அன்று நாங்கள் இருவரும் தண்ணீர் மொள்ளவில்லை.

ஐயோ, என் பிள்ளை! இங்கே பேர் சொல்லி அழக்கூட எனக்கு ஆள் இல்லை. தந்தி வந்தபோது லீவு கிடைக்கவில்லை. இப்போது வரட்டுமா? கல்லறையை ஒருதரம் பார்க்க விடு.

ஒன்று மட்டும். யார் சொன்னாலும், நானே சொன்னாலும், கொதிக்கவைக்காமல் குடிக்காதே.

தைரியநாதன்

—

ஆவூர்
15-5-1957

திரு. தைரியநாதன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பங்குச் சாமியாரிடம் காட்டினேன். "ஒத்துக்கிட்டாருல்ல, மன்னிச்சுரும்மா" என்றார். என்னால் ஆகவில்லை.

குப்பி மாறிவிட்டது என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். குப்பி மாறினால் வேறு குப்பி இருக்கும். எனக்கு வேறு அருள் எங்கே இருக்கிறாள்?

வர வேண்டாம். நீங்கள் வந்தால் நான் அரிமளத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். கடிதமும் வேண்டாம். கல்லறையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கொதிக்கவைக்க எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. இப்போது வீடு வீடாகப் போய், தேத்தாங்கொட்டை உரசுங்க, கொதிக்க வைங்க, வடிகட்டுங்க என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் குப்பிக்குச் செய்த பக்குவத்தை என் பிள்ளைக்குச் செய்திருந்தால் அவள் இன்றைக்கு இருந்திருப்பாள்.

வியாகுலமேரி