கடைசி வரியைச் சுரண்டியவன்

நேற்றுத் தபாலில் ஓர் ஏலக் கடையின் விபரப் புத்தகம் வந்தது. நான் வேலையை விட்டு எத்தனையோ வருடம். இவர்கள் மட்டும் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். வழக்கமாகப் பழைய பேப்பரோடு கட்டி வெளியே வைத்துவிடுவேன். நேற்று என்ன பிடித்ததோ, உட்கார்ந்து புரட்டினேன். நடுப்பக்கத்தில் அது கிடந்தது, மச்சான். கையகல இங்கிலாந்துச் செபப் புத்தகம், கன்றுத் தோலில் கையால் எழுதியது, வயது ஐந்நூறுக்கு மேல். நீ பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்ட அதே புத்தகம்.

படத்தின் கீழே, அது யார் யார் கையில் இருந்தது என்று பொடி எழுத்தில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஓரிடத்தில், ஒரு பெண்ணின் பெயர் சுரண்டப்பட்டிருக்கிறது, சுரண்டியவர் யாரென்று தெரியவில்லை என்றிருந்தது. அதை வாசித்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நீ போய் எட்டு மாதம். செத்தவீட்டில்கூட உன்னிடம் சொல்லாததை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸில், லங்ஸ்ட்ராஸ தெருவுக்குப் பக்கத்தில் ஒரே அறையில் நாங்கள் நான்கு பேர். நீ உணவகமொன்றில் கோப்பை கழுவினாய். நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய புத்தகக் கடையொன்றில் தரை துடைத்தேன். முதலாளி ஒரு சுவிஸ் கிழவி, ஊசி முனைபோல மூக்கு. கை நடுங்காதவன் என்று கண்டுபிடித்து ஆறு மாதத்தில் என்னைப் புத்தகம் தூக்க விட்டாள். எனக்கு அன்றைக்கு வந்த கெறுவும் பெருமையும் இருக்கிறதே, உன்னையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினால்தான் அடங்கும் போலிருந்தது.

உனக்கு ஓய்வான ஒரு பின்னேரம் வந்தாய். கையை இரண்டு தரம் கழுவ வைத்துத்தான் கிழவி உன்னை மேசைக்குக் கிட்ட விட்டாள். பக்க ஓரங்களில் மயிரிழைக் கோடுகள் இறகுபோல விரிந்து, நுனியில் சின்னப் பொன் உருண்டையும் அதன் அருகில் ஒரு பொட்டுப் பச்சையுமாக முடியும். பிரெஞ்சுக்காரன் என்றால் ஓரத்தை இடம் விடாமல் நிரப்பியிருப்பான், இந்த இறகு இங்கிலாந்துக்காரன் கை என்று கிழவி சொன்னாள். பெரிய முதலெழுத்துக்குள் ஒரு குடும்பத்தின் சின்னம். அதற்கு மேல், பிறகு வாங்கியவன் தன் குடும்பச் சின்னத்தைத் தீட்டியிருந்தான். நாட்காட்டிப் பக்கத்தில் போப் என்ற சொல்லைக் காணவில்லை. அரசன் போப்போடு கோபித்துக்கொண்ட காலத்தில் எல்லா வீட்டிலும் பயத்தில் சுரண்டினார்களாம். அதே பக்கத்தின் ஓரத்தில் ஒரு தாய் தன் பிள்ளைகள் பிறந்த நாட்களை எழுதி வைத்திருந்தாள். கீழே அவள் பெயர் இருந்த இடத்தை மட்டும் யாரோ சுரண்டியிருந்தார்கள்.

"இதுவும் செபப் புத்தகம்தானே?" என்றாய். "என்ரை ஐயாவும் இப்பிடித்தான் மச்சான். செபப் புத்தகத்தின்ரை கடைசிப் பக்கத்திலை பிள்ளையள் எங்கள் ஆறு பேரையும் எழுதி வைச்சிருக்கிறார்."

கிழவி யன்னலை மூடி அழிந்த எழுத்தைக் காட்டும் ஊதா விளக்கைப் போட்டாள். சுரண்டிய இடத்தில் அந்தத் தாயின் பெயர் கறுப்பாக எழும்பி வந்தது. நீ வாயைப் பிளந்துகொண்டு நின்றாய். நான் ஏதோ நானே எழுப்பினதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அந்த விளக்குத்தான் என் புத்தியைக் கெடுத்தது.

உனக்கு அகதி விசாரணைக்குக் கடிதம் வந்தது. ஊரில் இருந்து வந்ததற்கு உன்னிடம் இருந்த ஒரே எழுத்துச் சான்று ஐயாவின் செபப் புத்தகம். ஆனால் வந்து இறங்கிய அன்று யாரோ சொன்னதைக் கேட்டு, வீட்டில் பிள்ளைகள் மொத்தம் ஐந்து பேர் என்று பதிந்துவிட்டாய். ஆறாவது ஆள், உன் கடைசித் தம்பி, இயக்கத்துக்குப் போய்விட்டான். அவனைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எங்களுக்குள் ஒரு கதை. அந்தக் கதையை அறையில் அதிகம் சொன்னவன் நான். புத்தகத்திலோ ஆறு பெயர்.

"கடைசி வரிதானே, எடுத்தால் இடைவெளி தெரியாது. தா, நான் செய்யிறன்" என்றேன்.

"ஐயாவின்ரை கையெழுத்தடா."

"உனக்கென்ன விசரோ? அழிச்சாலும் அழியாது. கண்ணாலை பாத்தனீதானே? கேஸ் முடியட்டும், எங்கடை விளக்கிலை பிடிச்சால் அப்பிடியே வரும்."

நீ புத்தகத்தைத் தந்துவிட்டுக் குசினிப் பக்கம் போய்விட்டாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யன்னலோரம் வைத்து, சவர அலகால் சுரண்டினேன். ஒவ்வொரு எழுத்தாக. ஐயாவின் எழுத்து சின்னது, நீல மை, ஒரு சுழிகூடப் பிசகவில்லை. வேலை நன்றாக வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் வேறு. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

விசாரணைக்குப் போய் வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். "புத்தகத்தை அவர் திறந்தே பாக்கேல்லை" என்றாய். மட்டையைப் பார்த்து, நன்றி சொல்லி, திருப்பித் தந்துவிட்டாராம். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, உன் தம்பி செத்துப்போனான் என்று தொலைபேசி வந்தது. உடல் இல்லை, படம் இல்லை. ஐயாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். மறுநாள் நீ புத்தகத்தைச் சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாய். "விளக்கைப் போடு" என்றாய்.

கிழவி யன்னலை மூடினாள். முதல் ஐந்து வரிகளும் மங்கலாகத் தெரிந்தன. ஆறாவது இடத்தில் வெறும் கடதாசி, மெலிந்து, பஞ்சாகி. அவள் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்தாள். தோலில் பழைய மை உள்ளே இறங்கி நிற்கும், கடதாசியில் இந்தப் பேனா மை மேலேயே இருக்கும், சுரண்டினால் கடதாசியோடு போய்விடும் என்றாள். பிறகு உன்னைப் பார்த்து, யார் இதைச் செய்தது என்று கேட்டாள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஊரிலை இருந்தே இப்பிடித்தான் வந்தது" என்று உனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாய்.

திரும்பும்போது டிராமில், "தம்பி பிறந்த அண்டைக்கு மழை எண்டு ஐயா ஏதோ எழுதியிருந்தவரெல்லோ? நாள்கூட எனக்கு ஞாபகமில்லை மச்சான்" என்றாய். எனக்கு ஞாபகம் இருந்தது. முழு வரியும், எழுத்து எழுத்தாக. சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு வடிவாக வாசித்துவிட்டுத்தான் சுரண்டினாயோ என்று நீ கேட்டுவிடுவாய் என்று பயந்து, வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன். கோழைப் பயல் நான். நீ பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. என் கலியாணத்துக்கு நீதான் மாப்பிள்ளைத் தோழன். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ஓடி வந்தவனும் நீ. ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும், அதையும் நீ சொல்லவில்லை.

செத்தவீட்டிலேயே உன் மகள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "மாமா, இதிலை சித்தப்பாவின்ரை பேர் இருந்ததாம். தான்தான் பயத்திலை சுரண்டினதெண்டு அப்பா சாகும்வரைக்கும் சொல்லி அழுதவர். உண்மையோ?"

நான் ஓம் என்று தலையாட்டினேன், மச்சான். உன் பெட்டி அங்கே இருக்க, தலையாட்டினேன்.

நாளைக்கு அட்லிஸ்வில்லுக்கு, உன் மகள் வீட்டுக்குப் போகிறேன். அப்பா உனக்குச் சொன்னது பொய், அலகு பிடித்தவன் நான் என்று முதலில் சொல்லிவிடுவேன். கதவைத் திறந்து வெளியே போ என்றாலும் போவேன். போகுமுன் அந்த வரியை அவளுக்கு ஒப்புவிப்பேன். இவ்வளவு காலமும் அது என் ஒருவனிடம் மட்டுமே இருந்தது. உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். இதோ:

ஆறாவது, ஞானரூபன். கார்த்திகை மாதம் பதினேழாம் திகதி, வெள்ளிக்கிழமை, விடிய ஐந்தரை மணி. நல்ல மழை. தாயும் பிள்ளையும் சுகம்.