லைட்டை மட்டும் அணைக்காதீங்க

வியாழக்கிழமை, இரவு ஒன்றரை மணி

அவன் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருக்க வேண்டும். கோட்டை விட்டுவிட்டேன்.

எட்டரை மணிக்கு ஒருவன் வயதான அம்மாள் ஒருத்தியைக் காப்பகத்துக்குக் கூட்டி வந்தான். அவன் கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை. "ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுல தனியா உக்காந்துனு இருந்தாங்க மேடம். யாருன்னே தெரியல. பாவமா இருந்துச்சி, இட்டாந்தேன்" என்றான். யாருமில்லாதவர்களுக்குத்தான் இங்கே இடம். நானும் நம்பி, பதிவேட்டில் 'உறவினர் இல்லை' என்று எழுதினேன்.

வாசல் வரை போனவன் திரும்பி வந்தான். "மேடம், ராத்திரில லைட்ட மட்டும் அணைச்சிடாதீங்க. இருட்டுன்னா பயப்படுவாங்க."

யாரென்றே தெரியாதவளுக்கு இருட்டு பயம் என்று இவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு உறைப்பதற்குள் பைக் கிளம்பிவிட்டது.

உள்ளே போய், "அது உங்க புள்ளதானே?" என்று அந்த அம்மாளிடம் கத்தினேன். பாவம், அவளிடம் கத்தி என்ன பிரயோஜனம்?

"இல்லம்மா. யாரோ புண்ணியவான்" என்றாள். பிறகு பைக் போன பக்கம் எட்டிப் பார்த்து, "வெளிய மழ பெய்யுதா?" என்று கேட்டாள்.

புண்ணியவானாம்!

லைட்டை அணைக்கச் சொல்லி மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். லைட் எரிகிறது. அவள் இன்னும் தூங்கவில்லை.

பதிவேட்டை மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். அந்த வரியை அடித்தால் காலையில் அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். அடிக்கவில்லை. அந்த அயோக்கியன் சொன்ன பொய் இப்போது என் கையெழுத்தில் இருக்கிறது.