நம் தோட்டத்து ஞானஸ்நானத் தொட்டி

அன்பு மகன் ஃபரஜுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நான் நலம், இடது முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்தக் கனடாக் குளிரில் மார்ச்சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் தினமும் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன். தொலைபேசியில் நீ அவசரப்படுகிறாய், எனக்கும் சொல்ல வந்தது பாதியில் கலைந்துபோகிறது, அதனால்தான் கடிதம். மடத்துப் பள்ளியில் எழுத்துப்பிழைக்குப் பிரம்படி வாங்கியவள் நான், நிதானமாகத்தான் எழுதுவேன், நீயும் நிதானமாகப் படி.

தோட்டத்தில் கோடை முழுவதும் தொல்லியல்காரர்கள் தோண்டினார்கள். பழைய கோயிலின் நிறக்கல் பதித்துப் படம் போட்ட தரை ஏறக்குறைய முழுதாகக் கிடைத்திருக்கிறது. நனைத்த பஞ்சால் துடைத்தால், மண் நிறமாகக் கிடந்த கல்லிலிருந்து ஒரு கௌதாரி மெல்ல எழுந்து வருகிறது, ஜாடியிலிருந்து கொடி படர்கிறது, காய்ந்ததும் எல்லாம் மறுபடி உள்ளே போய்விடுகிறது. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன், அடுப்பில் பருப்பு அடிபிடித்த நாளும் உண்டு. தோண்டுகிறவர்களுக்குத் தலைவி டாக்டர் ஹியாம் என்று அம்மான் நகரத்துப் பெண் ஒருத்தி, உன் வயதுதான் இருக்கும், மரியாதை தெரிந்தவள், என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

அத்திமரத்தடியில் நம் ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறதல்லவா, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். படியிறங்கிப் போகிற தொட்டி, உள்ளே வழவழவென்று பூச்சு, பக்கத்திலேயே கோயில், முன்னோர் முழுகி எழுந்த இடம் என்று நம் வீட்டில் யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. நீ பிறந்த வாரம் பனி விழுந்து மாதபா நகரத்துக்குப் போகும் சாலை அடைபட்டது, சாமியார் வர வழியில்லை, உன் உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. உன் அப்பா உன்னைத் தன் கோட்டுக்குள் சுற்றிக்கொண்டு அந்தப் படியில் இறங்கினார். எழுந்திருக்கக் கூடாத நான் மேலே நின்று ஞானஸ்நான வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தேன், அவர் திருப்பிச் சொல்லி உன் தலையில் தண்ணீர் ஊற்றினார். நீ கத்திய கத்தலில் அத்திமரத்துப் பனி உதிர்ந்தது. வசந்தம் வந்ததும் தொட்டியின் ஓரத்தில் அவர் நட்டதுதான் உன் திராட்சைக்கொடி.

ஹியாம் ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வைத்தியர் கெட்ட செய்தி சொல்வதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டு, 'தப்பா எடுத்துக்காதீங்க பெரியம்மா, இது திராட்சை ஆலை. மேல தளத்துல மிதிப்பாங்க, சாறு இந்த ஓட்டை வழியா தொட்டிக்குள்ள இறங்கும். அடியில குழி இருக்குல்ல, கசடு தங்கறதுக்கு' என்றாள். அந்தக் குழி மெழுகுவத்தி வைக்க என்றுதான் நான் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். என் மகன் இங்கேதான் ஞானஸ்நானம் பெற்றான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்துவீட்டு உம்மு மித்ரிதான், மித்ரியைப் பெற்றவள்தான், சிரித்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, 'ஏன் உம்மு ஃபரஜ், பெத்த புள்ளைய ஒயின் தொட்டியிலயா முக்கி எடுத்த? அதான் அவன் சின்னதுலேர்ந்தே எங்கயோ பாத்துக்கிட்டு நடப்பான். கனடா போயும் தெளியலையாமே' என்றாள். அவள் கொடுத்தனுப்பிய, திராட்சை இலையில் சுருட்டிய சோற்றைத் தொடாமல் தட்டோடு திருப்பி அனுப்பினேன். சாமியாரிடம் போய்க் கேட்டேன், அவர் தண்ணீர் எங்கே ஊற்றினாலும் தண்ணீர்தான், வார்த்தைகளைச் சரியாகச் சொன்னீர்களா என்பதுதான் கேள்வி என்றார். சொல்லிக்கொடுத்தவள் நான் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு ஹியாம் மறுபடி வந்தாள். கோயில் சுவர் உன் கொடியின் பக்கம் திரும்புகிறதாம், உண்மையான ஞானஸ்நானத் தொட்டி அதன் அடியில்தான் இருக்க வேண்டுமாம், மழைக்கு முன்னால் கொடியை வெட்டி வேரை எடுத்தால் பார்த்துவிடலாமாம், ஆனால் என் சம்மதம் இல்லாமல் தொடமாட்டாளாம். உன்னைக் கேட்டேன், 'ஒரு கொடிதானேம்மா, வெட்டட்டும்' என்றாய். நானும் சரி என்று சொல்லத்தான் இருந்தேன். உன் பேச்சுக்காக அல்ல, நம் நிலத்தில்தான் அந்தத் தொட்டி என்று உம்மு மித்ரியின் வாயை அடைக்க.

சொல்ல இருந்த நாள் காலையில், சாறு இறங்கும் ஓட்டையில் கடைசியாக அடைந்திருந்த மண்ணை ஹியாம் தூரிகையால் எடுத்தாள். உள்ளே வேர் இருந்தது ஃபரஜ். உன் கொடியின் வேர் சாறு போன வழியைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் வழியாகவே வந்து, தொட்டியின் விளிம்பில் முடிபோல மெலிந்து தொங்கியது. மதியம் சாப்பிட்டுப் படுத்தேன், கனவு வந்தது. மேல்தளத்தில் யார் யாரோ கைகோத்து மிதிக்கிறார்கள், என்ன மொழி என்று தெரியாத பாட்டு, கௌதாரிகள் தரையைவிட்டு எழுந்து அவர்கள் காலடியில் நடக்கின்றன. உன் அப்பா தொட்டிக்குள் முழங்கால்வரை சாற்றில் நிற்கிறார், கையில் நீ, கோட்டெல்லாம் ஊதா. என்னை நிமிர்ந்து பார்த்து, 'தெரேஸ், அடுத்த வார்த்தை என்ன?' என்று கேட்கிறார், எனக்கு வரவில்லை. விழித்தபோது ஜன்னலில் வெயில் மஞ்சளாக நின்றது, எல்லா வார்த்தைகளும் வரிசையாக என் வாயில் இருந்தன, சத்தமாகச் சொன்னேன்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வெட்ட வேண்டாம் என்றேன். 'பெரியம்மா, நீங்க இத்தனை நாளா சொன்ன தொட்டி அதுக்கடியில இருக்கலாமே' என்றாள் ஹியாம். அங்கே இருப்பது கோயில் கட்டியவர்களுடைய தொட்டி, என்னுடையது இதுதான் என்றேன். கொடி தானாகப் பட்டுப்போகும் வரை அந்த இடம் காத்திருக்கட்டும் என்றாள் அவள். கோயில் தரையின் மேல் துணி விரித்து மணல் போட்டு மூடுகிறார்கள், கௌதாரி முதலில் மறைந்தது. சாயங்காலம் உன் கொடியில் மிச்சமிருந்த குலையை உம்மு மித்ரிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். 'தின்னா மயக்கம் வராதே?' என்றாள். வந்தா படுத்துக்கோ என்றேன். அன்று நான் திருப்பி அனுப்பிய தட்டு மறுபடி நம் வீட்டுக்கு வந்துவிட்டது, இலையில் சுருட்டிய சோறும் அதில் இருந்தது.

பிள்ளைகளோடு வீட்டிலாவது நம் மொழி பேசு. காலுறை இல்லாமல் வெளியே போகாதே. ஞாயிறு பூசையைத் தவறவிடாதே, தவறவிட்டால் தொலைபேசியில் எனக்குக் குரலிலேயே தெரியும். உன்மேலும் உன் வீட்டின்மேலும் ஆண்டவரின் கை இருக்கட்டும். கொடியைக் கவாத்துப் பண்ணப் பனிக்காலம் முடிவதற்குள் ஆள் வேண்டும், கூலிக்காரர்கள் கண்டபடி வெட்டுகிறார்கள், நீ வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒயின் தொட்டியில் ஞானஸ்நானம் பெற்ற ஃபரஜின் அம்மா
தெரேஸ்